ஆளுக்கு ஏழரை நிமிடம்

"இதில் இருக்கிற பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. எதற்கு இந்தக் கேசட்டோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?" என்று அக்கா மகன் கேட்டான். கேட்டதோடு நிற்காமல், அட்டையில் எழுதியிருந்த வரிசையைப் பார்த்து அரை மணி நேரத்தில் ஒரு பாட்டுப் பட்டியலைத் தயார்செய்து என் போனுக்கு அனுப்பிவைத்தான். அன்பால் செய்த வேலை அது. சினிமாப் பாட்டுகள் எல்லாம் கிடைத்திருந்தன. நாகூர் அனிபா கிடைத்திருந்தார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் முழு நீளத்துக்கு, இரைச்சல் குறைந்து, துலக்கமாக இருந்தது. கிடைக்காதவற்றை அவன் விட்டுவிட்டான். பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். கேட்டு முடித்தபோது எனக்குள் மிஞ்சியது எரிச்சல். நல்ல பாட்டுகள், நல்ல ஒலி, பிறகு எதற்கு எரிச்சல் என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால்தான் தெளியும் போலிருக்கிறது.

கேசட் என் மாமா பதிந்தது. உச்சிப்புளியில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கேட்பவர்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் இது கடைக்கு வந்த ஒருவருக்காகக் காசுக்குப் பதிந்ததல்ல. அத்தையின் தம்பி, எனக்குச் சித்தப்பா முறை, சவுதியில் தம்மாமில் வேலை பார்த்தார். 1987இல் விடுமுறை முடிந்து திரும்பிய யாரோ ஒருவரிடம் மாமா இதைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். சித்தப்பா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது பெட்டிக்குள் துணிகளோடு கேசட்டும் வந்தது. கல்லூரி நாட்களில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். இன்று மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. ஓடுகிற டேப் ரெக்கார்டர் சொந்தத்தில் என்னிடம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்பதால் கேசட் என் கைக்கு வந்து சேர்ந்தது.

ஒருவர் இன்னொருவருக்காகப் பாட்டுப் பொறுக்கிப் பதிந்த கேசட், பதிந்தவரின் மனத்தைக் காட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஒரு நண்பன் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டை வைக்கிறான் என்பதிலேயே அவன் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மாமாவின் இந்தக் கேசட்டில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் இதைப் பதிந்தவர் எப்படிப்பட்ட ரசிகர் என்று சொல்ல முடியவில்லை.

பிடிபடாத வரிசை

முதல் பக்கம் குழந்தைகள் பாடம் ஒப்பிப்பதில் ஆரம்பிக்கிறது. ஒரு பாட்டி குறுக்கே புகுந்து, கூரை மாற்றியாகிவிட்டது, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, வெயிலில் அலையாதே என்கிறாள். அடுத்து அனிபா. பாட்டு முடிந்ததும் ஒரு வயதான உம்மா சலாம் சொல்லி, நெடுநேரம் துஆ செய்கிறார். அதற்கடுத்து நாகசுரம். ஆலாபனை அடி அடியாக மேலே போய், உச்சியைத் தொடப் போகிற இடத்தில், யாரோ ஒலிக் குமிழைத் திருகி அதை அணைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இடம் எப்போதும் ஆறாத குறை. உம்மாவின் துஆவை முழுதாக விட்டவர், வீட்டுக் கூரைச் சேதியை முழுதாக விட்டவர், இசையைப் போய் வெட்டலாமா? அதற்குப் பிறகு, அந்த ஆண்டுகளில் பஸ்ஸுக்கு பஸ் ஒலித்த இரண்டு காதல் பாட்டுகள், குத்துவிளக்கை ஏற்றிவைத்த வீட்டுக்குள் திருவிழாக் கூட்டம் நுழைந்த மாதிரி வந்து விழுகின்றன.

இரண்டாம் பக்கம் இன்னும் விசித்திரம். இலங்கை வானொலியில் காலை அறிவிப்பு: நிலையத்தின் பெயர், நேரம், பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியின் தொடக்கம். பாட்டு ஒன்று ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது, மறுபடி அறிவிப்பாளர். பிறகு கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு. பிறகு ஒரு சினிமாப் பாட்டு. அது முடிந்ததும் எதுவும் இல்லை. காற்று மைக்கில் மோதுகிறது, தூரத்தில் உலக்கை விழுகிறது, ஒரு கோழி நடுவில் கொக்கரித்துவிட்டுப் போகிறது. யாரும் பேசவில்லை. நாலு நிமிடத்துக்குக் கிட்ட அப்படியே போகிறது. கடைசியில் பெண்கள் கூட்டமாகப் பாடும் முளைப்பாரிக் கும்மி.

அட்டையில் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் மாமா ஓர் எழுத்துப் போட்டிருந்தார்: உ, கீ, தி, தொ, ம, த, தே, மு. முதலில் இருந்த ‘உ’வை அக்கா மகன் பிள்ளையார் சுழி என்றான். மற்றவை எந்தக் கேசட்டிலிருந்து பதிந்தார் என்ற கடைக்குறிப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

கரைவலையும் பேட்டரியும்

அந்த அம்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரைவலையை இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்து ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் அம்பா. கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் இழுப்பதற்கு அந்தப் பாட்டு வேண்டும். வலை கடலுக்குள் இருக்கும்போது இழுப்பு நிதானமாக இருக்கும். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க வேகம் கூடும், மீன் தப்பிவிடக் கூடாதல்லவா? மாமாவின் பதிவில் இந்த வேகம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் வேகத்தோடு குரல்களின் சுருதியும் ஏறிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் கனத்த ஆண் குரல்களாக இருப்பவை முடிவில் பதினாறு வயதுப் பையன்களின் குரல்களாகிவிடுகின்றன.

காரணம் எளிது. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் ஓட வேண்டும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது முதல் உலகம் முழுவதும் அதே வேகம்தான். கடற்கரையில் மின்சாரம் ஏது? ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ இன் ஒன்னை மாமா பேட்டரியில் ஓட்டியிருக்கிறார். பேட்டரி தீரத் தீர மோட்டார் தளர்ந்து, நாடா மெதுவாக நகர்ந்திருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் வேகமும் கூடும், சுருதியும் ஏறும். எனவே அந்தப் பாட்டின் ஓட்டத்தில் எவ்வளவு வலையால் வந்தது, எவ்வளவு பேட்டரியால் வந்தது என்று இப்போது பிரிக்க முடியாது. எனக்கு அதைப் பிரிக்க ஆசையும் இல்லை.

நாடாவுக்கு வயதாகிவிட்டது, உப்புக் காற்றில் பூஞ்சை பிடிப்பதற்குள் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று மதுரையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் வேலை தெரிந்தவர். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, நாடாவை ஒரு முறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுத்தான் பதியவே தொடங்கினார். முடித்ததும் மூன்று யோசனைகள் சொன்னார். அம்பாவின் சுருதியை நேராக்கிவிடலாம். இரைச்சலை எடுத்துவிடலாம். இரண்டாம் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் கிடக்கும் நாலு நிமிடத்தை வெட்டிவிடலாம். முதல் இரண்டுக்கும் உடனே வேண்டாம் என்றேன். மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கிருந்தே அத்தைக்குப் போன் செய்து, கோழிச் சத்தம் வருகிற அந்த வெற்றிடத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

அத்தை சொன்னது

"அதை வெட்டாதே தம்பி. அது தேவிபட்டினத்துப் பெண்ணின் பங்கு" என்றார் அத்தை.

அடுத்த ஞாயிறே உச்சிப்புளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அத்தை நிதானமாகச் சொன்னார். தம்மாமில் சித்தப்பா இருந்த அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஒரே டேப் ரெக்கார்டர். வேலை முடிந்து வந்ததும் யார் கேசட்டைப் போடுவது என்று தினமும் சண்டை. ஒருவர் போட்டதை இன்னொருவர் நிறுத்துவதும், பேச்சு முற்றி இரண்டு நாள் முகம் பார்க்காமல் இருப்பதும் நடந்திருக்கிறது. சித்தப்பா நொந்துபோய், எல்லோரும் கேட்கிற மாதிரி ஒரு கேசட் அனுப்புங்கள் மச்சான் என்று மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் எல்லோருக்கும் பொதுவாகப் பிடிக்கிற பழைய பாட்டுகளாகப் பார்த்துப் பதிந்து அனுப்பியிருப்பார்கள். மாமா, எட்டுப் பேரின் வீட்டு விலாசத்தையும் எழுதச் சொல்லிப் பதில் போட்டார்.

விலாசங்கள் வந்ததும் டூ இன் ஒன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். உ என்பது உச்சிப்புளி, சொந்த வீடு. கீ என்பது கீழக்கரை. தன் மகனுக்கு எது வேண்டும் என்று அந்த உம்மாதான் அனிபா பாட்டைச் சொன்னார். நாகூரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டாலும் 1925இல் அனிபா பிறந்தது இராமநாதபுரத்தில் என்பதால் இந்தப் பக்கத்து வீடுகளில் அவருக்குத் தனி உரிமை உண்டு. தி என்பது திருப்புல்லாணிக்காரர். தொ, தொண்டி. மு, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமம். முளைப்பாரி நடக்கும் வாரம் பார்த்துப் போய்க் கும்மியைப் பதிந்தார். த, தங்கச்சிமடம். அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் இல்லை. அது 1988இல்தான் திறக்கப்பட்டது. 1914இல் கட்டிய ரயில் பாலத்தின்மேல், மடியில் டூ இன் ஒன்னை வைத்துக்கொண்டு ரயிலில் போயிருக்கிறார். தங்கச்சிமடத்துக்காரரின் தகப்பனார் அன்று தென்கடல் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று அவர் சொல்ல, வேண்டாம், இப்படியே பாடுங்கள் என்று மாமா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

ம என்பதை நான் மண்டபம் என்று நினைத்துக் கேட்டேன். அத்தை இல்லையென்று தலையாட்டினார். மன்னார். அறையில் ஒருவர் அக்கரைக்காரர். போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் வீட்டுக்குப் போகவும் வழியில்லை, கடிதம் போய்ச் சேருமா என்பதும் நிச்சயமில்லை. அதனால் மாமா காலையில் எழுந்து, இலங்கை வானொலியைத் திருப்பி, சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். மத்திய அலை உப்புத் தண்ணீரின் மேல் தேய்மானம் குறைவாகப் பயணம் செய்யும். எங்கள் கரையில் நம் நிலையங்களைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டதற்கு அதுதான் காரணம். வீட்டை எட்ட முடியாத ஒருவருக்கு, அவர் வீட்டிலும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஒரு குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். பாட்டைப் பாதியில் நிறுத்தி அறிவிப்பாளரையே திரும்பத் திரும்பப் பதிந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

90 நிமிட கேசட்டில் நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும் என்று மாமா 60 நிமிடக் கேசட்டையே நம்புவார். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். நாலு பேருக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஏழரை நிமிடம். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் பதிந்தாராம். நாகசுரம் ஏன் உச்சியில் அறுந்தது என்று நான் கேட்பதற்கு முன்பே அத்தை சொல்லிவிட்டார்: திருப்புல்லாணிக்காரர் பங்கு முடிந்துவிட்டது, தொண்டிக்காரர் பங்கிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்க முடியாது. மாமாவுக்கு நாகசுரம் என்றால் உயிர் என்பதையும் அத்தை சொன்னார். குமிழைத் திருகியபோது கை வரவில்லை என்று பல நாள் புலம்பினாராம். எட்டுப் பேர் கேட்கப்போகும் கேசட்டில் தன் காதுக்கு அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளாத மனிதரிடம் நான் இத்தனை வருடம் ரசனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தேவிபட்டினத்து வீட்டில் கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவர் விமானம் ஏறியிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டதற்கு ஒரே ஒரு சினிமாப் பாட்டைச் சொல்லியிருக்கிறார். மீதி நேரத்துக்கு நீயே பேசம்மா என்று மாமா மைக்கைத் திருப்பிவைத்தார். அவர் பேசவில்லை. மாமா வற்புறுத்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஏழரை நிமிடம் ஆகும்வரை நாடாவை ஓடவிட்டு, ஆனதும் நிறுத்தி, காபி குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த இடத்தை ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டேன். காற்றுக்கும் உலக்கைக்கும் நடுவே வளையல் நகரும் சத்தம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முடிவில், கும்மி தொடங்க ஓரிரு நொடி இருக்கும்போதே, அதே பெண்களின் குரல்கள் மிக மெலிதாக ஒரு தரம் கேட்கின்றன. பல காலம் சுற்றிக் கிடக்கும் நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றின்மேல் லேசாகப் படிந்துவிடும். முதுகுளத்தூர்ப் பெண்கள் தேவிபட்டினத்து வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். இரைச்சலை எடுத்திருந்தால் முதலில் போயிருப்பது வளையலும் இதுவும்தான்.

கேட்டே ஆக வேண்டிய பாட்டுகள்

அக்கா மகன் அனுப்பிய பட்டியலில் எனக்கு என்ன குறை என்று இப்போது சொல்ல முடிகிறது. அது எனக்கானது. பிடிக்காததைத் தள்ளிவிடலாம், எதைத் தள்ளினேன் என்று பார்த்துக்கொண்டு, அதைப் போன்றதைப் போன் மறுபடி கொண்டுவருவதும் இல்லை. கேட்கக் கேட்க என் விருப்பமே திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது. தம்மாமின் அறையில் அந்த வசதி இல்லை. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டிப் போவது குருட்டு வேலை. ஓட்டினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, அடுத்தவர் பங்குக்குள் புகுந்துவிடும். அதைவிட, பாட்டுக்கு உரியவர் எதிர்க்கட்டிலில் படுத்திருக்கிறார். அவருடைய அம்மாவின் குரலை எப்படி ஓட்டுவது? உங்கள் ஏழரை நிமிடம் வர வேண்டுமென்றால் மற்றவர்களின் ஏழரை நிமிடங்களைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படிக் கேட்டதன் பலனை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். அவர் கிணற்றடியில் குளிக்கும்போது முணுமுணுத்ததெல்லாம் அனிபா பாட்டு. கடைசியில் அந்த உம்மாவின் துஆவில் வரும் ஏற்ற இறக்கம்கூட அவர் வாயில் இருந்தது. கீழக்கரைக்காரர் சித்தப்பாவின் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது, முளைப்பாரிக் கும்மியை முதல் வரியிலிருந்து பாடிக்காட்டியதை அத்தை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் முதுகுளத்தூர்ப் பக்கம் போனதே இல்லையாம். பிடித்த பாட்டைத் தேடிப்போய்க் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. நானும் அதைத்தான் தினமும் செய்கிறேன். ஆனால் நாம் தேர்ந்தெடுக்காத பாட்டு, அதை நேசிக்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது நமக்குள் இறங்குகிற விதம் வேறு. ரசனை விரிகிறது என்று இதைச் சொன்னால் போதாது. இன்னொரு வீட்டின் சமையல்கட்டுவரை போய்வந்த உரிமை அதில் இருக்கிறது.

கணினிக்கு மாற்றியதை வெட்டாமல், திருத்தாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே கோப்புகளாக வைத்திருக்கிறேன். பாட்டு பாட்டாகப் பிரித்தால் தேடுவதற்கு வசதி என்று மதுரைக் கடைக்காரர் சொன்னார், வேண்டாம் என்றேன். எட்டு வீடுகளில் அத்தைக்கு இன்னும் தொடர்பிருப்பவர்களின் எண்களை வாங்கி, ஒவ்வொருவருக்காக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மன்னார்க்காரரின் தடம் இதுவரை கிடைக்கவில்லை.

தேவிபட்டினத்துக்கு மட்டும் அனுப்பத் தயக்கமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்த நேரத்தை இன்னொருவர் கேட்டதும், கேட்டு எழுதுவதும் அவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ. முதலில் அவரிடம் கேட்டுவிடலாம் என்று அத்தை தானே போன் செய்து பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். இப்போது பேரன் பேத்தி எடுத்தவர். சிரிப்போடுதான் பேசினார். எதிரில் மாமா, பக்கத்தில் மாமியார், வாசலில் பாதித் தெரு. அந்த நிலையில் புதுப்பெண் எதைப் பேசுவது என்று என்னையே கேட்டார். அந்த இடம் வரும்போது அறையில் யாரும் ஓட்டியதில்லை என்று கணவர் ஊருக்கு வந்தபோது சொன்னாராம். எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம் என்றார். அவர் பகுதியை மட்டும் அனுப்பவா, முழுப் பக்கமா என்று கேட்டேன். இரண்டு பக்கமும் வேண்டும், மற்ற வீடுகளில் என்ன பேசினார்கள் என்று தான் இதுவரை கேட்டதே இல்லை என்றார். அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே அவரிடமிருந்து போன் வந்தது: கரைவலைப் பாட்டு ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறது என்று கேட்டார், அந்தக் கோழி அடுத்த வீட்டுக் கோழி என்றார், நாகசுரத்தின் மீதி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார். அக்கா மகன் தேடி வைத்திருந்ததை அனுப்பிவைத்தேன்.